முப்பத்தேழாம் நம்பர்

சின்னம்மா சேனையூரில் இருக்கிறார். பதினொரு வருடமாகச் சீனி வருத்தம், அதோடு பிரஷரும். மாதத்தில் ஒரு நாள் அவருக்குக் கிளினிக். அன்றைக்கு விடியப்புறம் நாலு மணிக்கே எழும்பி, இரத்தம் எடுப்பார்கள் என்பதால் தேத்தண்ணி கூடக் குடிக்காமல், கிளினிக் கொப்பியைச் சொப்பிங் பையில் போட்டுக்கொண்டு முதல் பஸ்ஸில் திருகோணமலைக்கு வந்து சேருவார். ஒரு மாதம் நானும் கூடப் போனேன். ஆறரைக்கு உள்ளே நுழைந்தும் அவர் கையில் கிடைத்த துண்டில் 37 என்று இருந்தது. டொக்டர் எட்டு மணிக்கு வந்து இருந்தவர், இடையில் எழும்பவே இல்லை. சின்னம்மாவைக் கூப்பிட்டபோது பதினொன்றேகால். மூன்று நிமிடத்தில் வெளியே வந்துவிட்டார்.

பஸ் நிலையத்துக்கு நடக்கும்போது கேட்டார்: "தம்பி, எல்லாருக்கும் நம்பர் குடுத்தாச்சு. டொக்டரும் ஒரு நிமிசம் சும்மா இருக்கேல்லை. பிறகும் ஏன் அஞ்சு மணித்தியாலம் போகுது?" கொஞ்சத் தூரம் போன பிறகு நின்று, "ஐயோ, கால் விறைக்கிறதைச் சொல்ல மறந்துபோனன்" என்றார்.

முதலாவது கேள்விக்கு நூறு வருடத்துக்கு மேலாகக் கணிதக்காரர் பதில் தேடியிருக்கிறார்கள். இரண்டாவதை மருத்துவர்களும் மனத்தை ஆராய்பவர்களும் ஐம்பது வருடமாக ஆராய்கிறார்கள். இரண்டு விடைகளும் ஓரிடத்தில் வந்து சந்திக்கின்றன என்பதுதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

முதலில் காத்திருப்பு. ஒரு டொக்டர் ஓர் ஆளைப் பார்க்கச் சராசரியாக 5 நிமிடம் எடுக்கிறார் என்று வைப்போம். நோயாளர்களும் சராசரியாக 5 நிமிடத்துக்கு ஒருவராக வருகிறார்கள். வருவதும் போவதும் சமம், ஆகவே வரிசையே இருக்கக்கூடாது என்றுதான் மனம் சொல்லும். ஆனால் 'சராசரி' என்ற சொல்லுக்குள் பெரிய கள்ளம் ஒளிந்திருக்கிறது. ஒருவருக்கு மருந்தைத் திருப்பி எழுதினால் போதும், இரண்டு நிமிடம். அடுத்தவருக்குக் காலில் ஆறாத புண், பன்னிரண்டு நிமிடம். மூன்று பேர் ஒரே பஸ்ஸில் வந்து இறங்குவார்கள், பிறகு கால் மணித்தியாலம் எவரும் வரமாட்டார்கள். அந்தக் கால் மணித்தியாலத்தில் டொக்டர் சும்மா இருந்த நேரத்தை எடுத்து வைத்து, பிறகு கூட்டம் வரும்போது செலவழிக்க முடியாது. போனது போனதுதான். நீண்டு போன பன்னிரண்டு நிமிடமோ அழிவதில்லை, பின்னால் நிற்கும் எல்லோர் தலையிலும் ஏறிக்கொள்கிறது. மிச்சம் சேராது, தாமதம் மட்டும் சேரும். வரிசை பிறப்பது இந்த ஓரவஞ்சனையால்.

துறைமுகத்துப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. சீனக்குடாவில் மா ஆலைக்குக் கோதுமைக் கப்பல் வருகிறது. இரண்டு கப்பல் ஒரே கிழமையில் வந்தால் ஒன்று நங்கூரம் போட்டு வெளியே கிடக்கும். போன கிழமை முழுக்க இறங்குதுறை வெறுமையாய்க் கிடந்ததே என்று சொல்லி அதை இந்தக் கிழமை இரண்டாக்கிவிட முடியாது.

இதை முதன்முதலில் கணக்காக்கியவர் அக்னர் கிராருப் ஏர்லாங் என்ற டேனிஷ்காரர். கோப்பன்ஹேகன் தொலைபேசிக் கொம்பனியில் வேலை பார்த்தவர். எத்தனை கம்பி போட்டால் எத்தனை பேர் இணைப்புக் கிடைக்காமல் நிற்பார்கள் என்பதுதான் அவருடைய கவலை. 1909இல் அவர் வெளியிட்ட கட்டுரையிலிருந்து கிளைத்த துறையைத் தமிழில் 'வரிசைக் கோட்பாடு' எனலாம். வருகிறவர் யார் என்று அதற்கு அக்கறை இல்லை. தொலைபேசி அழைப்பு, கப்பல், நோயாளர் எல்லோருக்கும் ஒரே கணக்கு.

அந்தக் கணக்கு தரும் மிகப் பெரிய செய்தி இது. டொக்டருடைய நேரத்தில் எத்தனை பங்கு வேலையில் நிரம்பியிருக்கிறது என்பதை 'நிரம்பல் வீதம்' என்று அழைப்போம். வருகையும் பார்க்கும் நேரமும் முழுக்கத் தாறுமாறாக இருந்து, ஒருவரைப் பார்க்கச் சராசரி 5 நிமிடம் என்றால், நிரம்பல் 50 சதவீதமாக இருக்கும்போது சராசரிக் காத்திருப்பு 5 நிமிடம். 80 சதவீதத்தில் 20 நிமிடம். 90இல் 45 நிமிடம். 95இல் 95 நிமிடம். 90இலிருந்து 95க்குப் போவதென்றால் இரண்டு மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ ஒரே ஒரு நோயாளர் கூடுகிறார், அவ்வளவுதான். அந்த ஒருவரால் எல்லோருடைய காத்திருப்பும் இரண்டு மடங்காகிறது. நம் கிளினிக்குகள் சில மணித்தியாலத்தில் முடிந்துவிடுவதால் இந்த எண்கள் அப்படியே பொருந்தமாட்டா. ஆனால் வளைகோட்டின் வடிவம் பொருந்தும்: நீண்ட தூரம் தட்டையாகப் போய், கடைசியில் செங்குத்தாக ஏறும். ஒரு டொக்டர் இடமாற்றமாகிப் போனதும், நாட்டை விட்டுப் போனதும் ஒரு மாவட்ட ஆஸ்பத்திரியை ஏன் அப்படி உலுக்கிவிடுகிறது என்பதற்கு இந்த வளைகோடுதான் காரணம். அங்கே மிஞ்சியிருப்பவர்கள் சோம்பேறிகள் அல்ல. செங்குத்தின் விளிம்பில் நிற்பவர்கள்.

இன்னொரு செய்தி நம்பிக்கை தருவது. பெலிக்ஸ் பொலாக்செக், அலெக்சாந்தர் கிஞ்சின் என்ற இருவர் 1930களின் தொடக்கத்தில் தனித்தனியாகக் கண்டது. நோயாளர் எண்ணிக்கையைக் குறைக்காமல், டொக்டரை வேகமாக ஓட்டாமல், ஒவ்வொருவருக்கும் ஆகும் நேரத்தின் ஏற்ற இறக்கத்தை மட்டும் நீக்கிவிட்டால், மேலே சொன்ன காத்திருப்பு சரிபாதியாகிறது. 45 நிமிடம் 22 ஆகும். சராசரி மாறவே இல்லை என்பதைக் கவனியுங்கள். நம்மைக் காக்க வைப்பதில் பாதி வேலை மெதுவானதால் வருவதல்ல, சீரில்லாததால் வருவது.

சரி, சின்னம்மாவுக்கு ஏன் அஞ்சு மணித்தியாலம்? அவருக்கு நடந்தது இன்னும் எளிமையானது. எல்லோருக்கும் ஒரே நேரம் சொல்லியிருந்தார்கள்: காலை ஏழு மணி. இதைக் 'கூட்டு அழைப்பு' என்போம். கிண்ணியாக்காரருக்குப் பழைய பாதை நினைவிருக்கும். 2009இல் பாலம் திறக்கும் வரை எல்லோரும் கரையில் கூடி நிற்க வேண்டும், பாதை வந்து ஒரு கூட்டத்தை ஏற்றிக்கொண்டு போகும். கூட்டு அழைப்பும் அப்படித்தான், ஆனால் ஏற்றுவது மட்டும் ஒவ்வொருவராக. நாற்பது பேரும் ஏழு மணிக்கு வந்து, டொக்டர் எட்டுக்குத் தொடங்கி, ஆளுக்கு 5 நிமிடம் எடுத்தால், கடைசி ஆள் நாலேகால் மணித்தியாலம் காத்திருப்பார். இதில் தாறுமாறே இல்லை. வெறும் பெருக்கல்.

பிரிட்டனிலும் ஒரு காலத்தில் இப்படித்தான் இருந்தது. 1952இல் நோர்மன் பெய்லி என்ற புள்ளிவிபரவியலாளர் இதை எடுத்து ஆராய்ந்தார். அவருடைய முறை எனக்கு மிகவும் பிடிக்கும். உண்மையான நோயாளர்களை அலைக்கழித்துப் பார்க்காமல், தாளில் கற்பனைக் கிளினிக்குகளை நடத்தினார். ஒவ்வொரு நோயாளருக்கும் ஆகும் நேரத்தைச் சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல் தற்செயல் எண்களிலிருந்து எடுத்து, யார் எவ்வளவு காத்திருந்தார், டொக்டர் எவ்வளவு சும்மா இருந்தார் என்று கையாலேயே கணக்கெழுதினார். இன்றைக்குக் கணினி செய்யும் 'போலச்செய்து பார்த்தல்' என்ற முறை இது. வந்த முடிவு ஒரு வரியில் அடங்கும்: தொடக்கத்துக்கு இரண்டு பேரை வரச் சொல்லுங்கள், பிறகு ஒருவரைப் பார்க்க ஆகும் சராசரி நேரத்துக்கு ஒருவராக வரச் சொல்லுங்கள். இரண்டாவது ஆள் ஒரு காப்பு. முதலாமவர் வராவிட்டாலும் டொக்டர் சும்மா இருக்கமாட்டார். டொக்டரின் நேரம் மிகச் சிறிதளவே வீணாகும், நோயாளரின் காத்திருப்போ பெருமளவு குறையும். அவர் எழுப்பிய கேள்வி இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது. டொக்டரின் ஒரு நிமிடத்தைக் காப்பாற்ற நோயாளரின் எத்தனை நிமிடத்தை விலையாகக் கொடுக்கலாம்? கூட்டு அழைப்பு சொல்லும் பதில், "எத்தனை வேண்டுமானாலும்" என்பது. வயலில் கூலிக்கு நிற்கிற ஒரு மனிசிக்கு அரை நாள் என்பது அரைக் கூலி என்று தெரிந்த எவரும் அந்தப் பதிலை ஏற்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

படிப்படியாக நேரம் கொடுப்பது இங்கே எளிதல்ல என்பதும் உண்மை. வெருகல், ஈச்சிலம்பற்றுப் பக்கத்திலிருந்து வருகிறவருக்குப் பத்து மணி என்று எழுதிக் கொடுத்தாலும் பஸ் கொண்டுவந்து விடும் நேரத்துக்குத்தான் வருவார். வெறும் வயிற்றில் இரத்தம் கொடுக்க வேண்டியவர் காலையிலேயே வரத்தான் வேண்டும். ஆனாலும் "ஏழு தொடக்கம் எட்டு", "எட்டு தொடக்கம் ஒன்பது" என்று மணித்தியாலத்துக்கொரு கூட்டமாகப் பிரித்தாலே பெரும்பகுதி தீரும். டவுனுக்குள் இருப்பவருக்குப் பிந்திய நேரமும், தூரத்தவருக்குப் பஸ் நேரமும் கொடுக்கலாம். இதற்குக் கணினி வேண்டாம், கொப்பியில் ஒரு வரி போதும்.

ஆஸ்பத்திரி மாறும்வரை நாம் என்ன செய்வது? கந்தளாய்க் குளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். குளத்தில் உள்ள தண்ணீரின் அளவும், ஒரு நாளில் வான்கதவால் வெளியேறும் அளவும் தெரிந்தால், ஒரு துளி சராசரியாக எத்தனை நாள் குளத்தில் நிற்கும் என்று வகுத்துச் சொல்லிவிடலாம். வரிசைக்கும் இது பொருந்தும் என்பதை ஜோன் லிட்டில் என்ற அமெரிக்கர் 1961இல் கணித முறைப்படி நிறுவினார். வருகை எவ்வளவு தாறுமாறாக இருந்தாலும் சராசரிக்கு இந்த விதி பொய்க்காது. ஆகவே மண்டபத்தில் இருந்து அரை மணித்தியாலம் கூப்பிடும் நம்பர்களைக் கவனியுங்கள். எட்டு ஐம்பதுக்கு 12, ஒன்பது இருபதுக்கு 18 என்றால் 5 நிமிடத்துக்கு ஒருவர். உங்களுக்கு முன்னால் இன்னும் பதினெட்டுப் பேர், ஏறத்தாழ ஒன்றரை மணித்தியாலம். சிலர் கூப்பிடும்போது இருக்கமாட்டார்கள் என்பதால் அதில் முக்கால் பங்கு நேரத்துக்குள் திரும்பி வந்துவிட வேண்டும். இரத்தம் கொடுத்தாகிவிட்டால் இடையில் போய்ச் சாப்பிட்டுவிட்டு வரலாம். சீனி வருத்தக்காரர் காலை முழுக்கப் பட்டினி கிடப்பது நல்லதல்ல. குளிசையோ இன்சுலினோ போடுகிறவருக்குச் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம்.

காசு கட்டிச் சனல் பண்ணுகிறவர்களுக்கும் இதே கணக்குத்தான். இ-சனலிங், டொக் 990 போன்ற சேவைகள் ஊடாக எடுத்தாலும், மருந்துக்கடையில் நேரே பெயர் கொடுத்தாலும், துண்டில் எழுதியிருக்கும் நேரம் ஒரு மதிப்பீடு மட்டுமே. தாமதம் சேர்ந்துகொண்டே போவதால் பிந்திய நம்பருக்கு அந்த மதிப்பீடு மிகக் கூடுதலாகப் பிழைக்கும். பின்னேரம் சனலுக்கு வரும் டொக்டர் பகலில் அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒப்பரேஷனில் நின்றவராக இருக்கலாம். அவர் முக்கால் மணித்தியாலம் பிந்தினால் அது முதலாம் நம்பரிலிருந்து கடைசி நம்பர் வரை எல்லோருக்கும் முக்கால் மணித்தியாலம். வீட்டிலிருந்து வெளிக்கிட முன்னர் கோல் எடுத்து, "டொக்டர் வந்திட்டாரா, எத்தனையாம் நம்பர் போகுது?" என்று கேட்பது எங்கள் சனங்கள் தாங்களாகவே கண்டுபிடித்த முறை. கணிதப்படியும் அதைவிடச் சிறந்த முறை இல்லை.

இந்த வரிசைக் கணக்கு எதுவும் பொருந்தாத, பொருந்தவும் கூடாத நேரங்கள் உண்டு. நெஞ்சு நோவு, திடீரென வாய் கோணுதல், ஒரு கை ஒரு கால் விழுதல், மூச்செடுக்க முடியாமை. இவற்றுக்குச் சனல் பண்ணவும் கூடாது, ஓபிடி வரிசையில் நிற்கவும் கூடாது. 1990க்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். அவசர சிகிச்சைப் பிரிவில் வந்த ஒழுங்கில் பார்ப்பதில்லை, ஆபத்தின் ஒழுங்கில் பார்ப்பார்கள். அங்கே ஒருவர் உங்களை முந்திப் போனால் அது அநியாயம் அல்ல.

இனி அந்த மூன்று நிமிடம். 2017இல் ஆய்வாளர் குழு ஒன்று 67 நாடுகளின் தரவுகளைத் திரட்டி, ஒரு முதல்நிலை மருத்துவர் ஒரு நோயாளரோடு செலவிடும் சராசரி நேரத்தை ஒப்பிட்டது. வங்கதேசத்தில் 48 செக்கன், சுவீடனில் இருபத்திரண்டரை நிமிடம். உலக சனத்தொகையில் ஏறத்தாழப் பாதி வாழும் நாடுகளில் 5 நிமிடம் அல்லது அதற்கும் குறைவு. ஆகவே சின்னம்மாவின் மூன்று நிமிடம் உலகத்தின் பாதிப்பேருக்குப் பழக்கமான மூன்று நிமிடம். அது நீளும் என்று காத்திருப்பதைவிட அதற்குள் எதை வைப்பது என்று யோசிப்பது பயன் தரும்.

எதை வைப்பது என்பதற்கு 1975இல் பிரிட்டனில் வெளிவந்த சிறிய ஆய்வு ஒன்று அருமையான விடை வைத்திருக்கிறது. 80 புதிய நோயாளர்கள். அனுப்பிய டொக்டரின் கடிதத்தைப் படித்து, நோயாளர் சொல்வதையும் கேட்ட பிறகு என்ன நோய் என்று நினைக்கிறீர்கள் என மருத்துவர்களிடம் எழுதி வாங்கினார்கள். உடலைப் பரிசோதித்த பிறகு ஒருமுறை, ஆய்வுகூட முடிவு வந்த பிறகு இன்னொரு முறை. பிறகு நோய் உறுதியானதும் திரும்பிப் பார்த்தார்கள். 66 பேரில் கதை கேட்ட அளவிலேயே விடை சரியாக வந்திருந்தது. உடற்பரிசோதனை விடையை மாற்றியது 7 பேரில். ஆய்வுகூடம் மாற்றியது இன்னும் 7 பேரில். ஒரே ஊரின் சிறிய ஆய்வுதான், ஸ்கேன்கள் பெருகாத காலமும்கூட. ஆனாலும் அது சொல்லும் திசை தெளிவானது. ஸ்கேன் எடுக்கவில்லையே, இரத்தம் பார்க்கவில்லையே என்று ஏங்குகிறோம். டொக்டருக்கு மிகப் பெரிய கருவி நம் வாய்ச்சொல்தான்.

அந்தச் சொல்லுக்கு இடம் கிடைக்கிறதா? 1984இல் அமெரிக்காவில் பதிவு செய்த சந்திப்புகளில், நோயாளர் பேசத் தொடங்கிச் சராசரியாக 18 செக்கனில் டொக்டர் குறுக்கிட்டிருந்தார். விட்டால் மணிக்கணக்கில் கதைப்பார்கள் என்ற பயம். அந்தப் பயம் சரியா என்று 2002இல் சுவிற்சர்லாந்தின் பாசல் நகரில் சோதித்தார்கள். டொக்டர்கள் குறுக்கிடாமல் இருக்கப் பயிற்சி பெற்று, 335 நோயாளர்களை ஒரு மறைவான நேரக்கணிப்பானோடு கேட்டார்கள். நோயாளர்கள் தாமாகவே நிறுத்தச் சராசரியாக எடுத்தது 92 செக்கன். நூற்றுக்கு 78 பேர் இரண்டு நிமிடத்துக்குள் முடித்துவிட்டார்கள். இதைப் படிக்கும் டொக்டர் யாராவது இருந்தால், அந்த ஒன்றரை நிமிடத்தைத் தந்து பார்க்கும்படி மனமாரக் கேட்டுக்கொள்கிறேன்.

நோயாளர் பக்கத்திலும் ஒன்று உண்டு. நாங்கள் கதையை வெகு தூரத்திலிருந்து தொடங்கிப் பழகியவர்கள். "அண்டைக்குக் கோயிலடியில அன்னதானம், நான் போகமாட்டன் எண்டுதான் இருந்தனான்" என்று தொடங்கி, கால் விறைப்புக்கு வந்து சேர நாலு நிமிடமாகும். முற்றத்தில் இருந்து கேட்பதற்கு அது அழகான முறை. டொக்டரின் மூளை வேறு ஒழுங்கில் தேடுகிறது: என்ன, எங்கே, எப்ப தொடக்கம், கூடுகிறதா குறைகிறதா, எது செய்தால் கூடும். "ரெண்டு மாசமா ரெண்டு பாதமும் விறைக்குது, இரவில கூட, செருப்புக் கழண்டாலும் தெரியுதில்லை." இவ்வளவும் எட்டுச் செக்கன். பதினெட்டுச் செக்கனுக்குள் குறுக்கிட்டாலும் முக்கியமானது முன்னாலேயே வெளியே வந்துவிடும்.

கதவடியில் நின்று "டொக்டர், இன்னொண்டு..." என்று தொடங்குவது உலகம் முழுக்க உள்ள பழக்கம். வெட்கமான விஷயமும் பயமான விஷயமும் கடைசியில்தான் வாய்க்கு வரும். 2007இல் அமெரிக்காவில் இதற்கொரு சோதனை செய்தார்கள். கேள்வியின் ஒரு சொல்லை மட்டும் மாற்றினார்கள். "வேறொன்றுமில்லையே?" என்ற சாயலில் கேட்கும் சொல் ஒன்று, "இன்னும் சொல்ல ஏதோ இருக்கிறதுதானே?" என்ற சாயலில் கேட்கும் சொல் மற்றது. இரண்டாவது சாயலில் கேட்டபோது, சொல்லாமல் விட்டுப்போன குறைகள் 78 சதவீதம் குறைந்தன. டொக்டர் அப்படிக் கேட்காவிட்டால் நாமே முதலில் எண்ணிக்கையைச் சொல்லிவிடலாம்: "டொக்டர், ரெண்டு விஷயம் இருக்கு." இரண்டாவதை மறந்தாலும் அவர் கேட்பார்.

திருகோணமலைக்கே உரிய ஒரு சிக்கலையும் சொல்லியாக வேண்டும். இங்கே நோயாளருக்குத் தமிழும் டொக்டருக்குச் சிங்களமும் மட்டும் தெரிந்திருக்கும் நாட்கள் உண்டு. இடையில் நின்று மொழிபெயர்ப்பவர் அட்டென்டனாகவோ பக்கத்து வரிசை மனிதராகவோ இருப்பார். "குத்துது", "விறைக்குது", "எரியுது" மூன்றும் அவர் வாயில் "நோகுது" என்ற ஒன்றாகிவிடும். வைத்தியத்துக்கோ அவை மூன்றும் மூன்று வேறு வழிகள். இரு மொழியும் தெரிந்த பிள்ளையைக் கூட்டிப் போக முடிந்தால் நல்லது. முடியாதபோது, மொழி தேவைப்படாதவற்றைக் கையில் வைத்திருக்கலாம். திகதி, வீட்டில் எடுத்த பிரஷர் எண்கள், பழைய ரிப்போர்ட், எல்லாவற்றிலும் மேலாகக் குளிசைகள்.

குளிசை என்றால் குளிசையையே, அதன் உறையோடு. "வெள்ளைக் குளிசை, காலமை ஒண்டு" என்பதில் எந்தத் தகவலும் இல்லை. பாதிக் குளிசைகள் வெள்ளைதான். இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. ஒரே மருந்துக்கு ஒரு பொதுப்பெயரும் பல வியாபாரப் பெயர்களும் இருக்கின்றன. அரசாங்க ஆஸ்பத்திரியில் கொடுத்ததையும் வெளியே சனல் பண்ணி எழுதியதையும் வேறு வேறு மருந்து என்று நினைத்து ஒன்றையே இரண்டு தரம் விழுங்குபவர்கள் இருக்கிறார்கள். மருந்தைப் பொதுப்பெயரால் வாங்கவும் எழுதவும் வேண்டும் என்று உலகத்துக்கே முன்னால் இந்த நாட்டில் போராடியவர் பேராசிரியர் சேனக பிபிலே. 1971இல் தொடங்கிய அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவர். அவர் வைத்த அந்த ஒழுங்கு நம் கைக்கு வருவது உறையில் அச்சிட்ட அந்தச் சிறிய எழுத்தாகத்தான். ஆகவே உறையை வீசக் கூடாது.

பிரஷர் எண்ணைப் பற்றி ஒன்று. 1983இல் மிலான் நகரில் மன்சியா என்ற மருத்துவரின் குழு, 48 பேருக்கு நாடிக்குள்ளேயே கருவி வைத்து இரத்த அழுத்தத்தை இடைவிடாமல் பதிந்துகொண்டிருந்தது. டொக்டர் கட்டிலடிக்கு வந்ததும் நாலு நிமிடத்துக்குள் மேல் எண் சராசரியாக 27 அளவில் ஏறியது. உள்ளேயிருந்தே அளந்ததால் இது அளவைப் பிழை அல்ல என்பது உறுதி. மருத்துவர்கள் இதை 'வெள்ளை அங்கி விளைவு' என்கிறார்கள். இதோடு வெயிலில் நடந்து வந்த மூச்சு, நம்பர் தவறிவிடுமோ என்ற பதற்றம். அளக்க முன் ஐந்து நிமிடம் முதுகைச் சாய்த்துக் கதைக்காமல் இருந்தால்தான் கிடைக்கும் எண் நம்முடைய எண். வீட்டிலோ பக்கத்துப் பார்மசியிலோ சில நாள் எடுத்துத் திகதியோடு எழுதிய தாள் ஒன்றிருந்தால், தேவையில்லாமல் ஒரு குளிசை கூடுவதைத் தவிர்க்கலாம்.

சொல்வது போலவே கேட்பதும் சிந்தும். டொக்டர் சொன்னதில் 40 முதல் 80 சதவீதம் வரை நோயாளர் உடனேயே மறந்துவிடுகிறார்கள் என்று 2003இல் றோய் கெசல்ஸ் என்ற நெதர்லாந்து உளவியலாளர் முந்தைய ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டினார். பயம் நினைவைச் சுருக்கிவிடும். நோயின் பெயரில் மனம் சிக்கிக்கொள்ள, குளிசை எத்தனை என்ற எண் காதைத் தாண்டிப் போய்விடும். மாற்று எளிமையானது, தமிழில் 'திருப்பிச் சொல்லல்' எனலாம். "அப்ப காலமை சாப்பாட்டுக்குப் பிறகு ஒண்டு, இரவில அரை, சரியா டொக்டர்?" அதே ஆண்டில் சான்பிரான்சிஸ்கோவில் சீனி வருத்தக்காரரின் சந்திப்புகளைப் பதிந்து பார்த்தபோது, புதிதாகச் சொன்ன விஷயங்களில் நூற்றுக்குப் பன்னிரண்டில்தான் டொக்டர்கள் இப்படி விளங்கியதா என்று உறுதி செய்திருந்தார்கள். அப்படிச் செய்த டொக்டர்களின் நோயாளர்களுக்குச் சீனி நன்றாகக் கட்டுப்பட்டிருந்தது. இதனால்தான் அது என்று அந்த ஆய்வு நிறுவவில்லை. நல்ல டொக்டர் எல்லாவற்றையுமே நன்றாகச் செய்பவராக இருக்கலாம். ஆனால் செலவோ ஐந்து செக்கன்.

இரண்டு விடைகளும் சந்திக்கும் இடம் இப்போது தெரியும். பைக்குள் கொப்பியைத் தேடும் ஒரு நிமிடம், மருந்தின் பெயர் தெரியாமல் போகும் இரண்டு நிமிடம், கதவடியிலிருந்து திரும்பி வந்து தொடங்கும் நாலு நிமிடம். பார்க்கும் நேரத்தைச் சீரில்லாமல் ஆக்குபவை இவையும்தான், பொலாக்செக்கின் கணக்கில் வருபவையும் இவைதான். ஆயத்தமாகப் போகிற ஒருவர் தன்னுடைய மூன்று நிமிடத்தை நிறைப்பதோடு, பின்னால் இருக்கும் 38க்கும் 39க்கும் 40க்கும் நேரம் கொடுக்கிறார். புண்ணுக்காகப் பன்னிரண்டு நிமிடம் தேவைப்படுகிறவருக்கு அதை டொக்டர் நிம்மதியாகக் கொடுக்கவும் முடிகிறது.

அடுத்த கிளினிக்குக்கு முதல் நாள் இரவு சின்னம்மா சொல்லச் சொல்லக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் நாலு வரி எழுதினோம். முதல் வரி கால். குளிசை உறைகளை ரப்பர் வளையம் போட்டுக் கட்டினோம். அன்றைக்கு நம்பர் 31. பத்தேமுக்காலுக்குக் கூப்பிட்டார்கள். உள்ளே போய் இருந்ததும் இருக்காததுமாய், "டொக்டர், ரெண்டு விஷயம். முதலாவது, ரெண்டு மாசமா பாதம் விறைக்குது" என்றார். டொக்டர் பேனையை வைத்துவிட்டு, "செருப்பைக் கழட்டுங்கோ அம்மா, கண்ணை மூடுங்கோ" என்றார். மேசை லாச்சியிலிருந்து மெல்லிய நைலோன் இழை ஒன்றை எடுத்தார். சரியாகப் பத்துக் கிராம் அழுத்தத்தில் வளையும்படி செய்த இழை அது. உள்ளங்காலில் ஒவ்வோர் இடமாகத் தொட்டு, "படுதா?" என்று கேட்டுக்கொண்டே போனார்.

பெருவிரலுக்குக் கீழே இழை வளைந்து நின்றது. சின்னம்மா கண்ணை மூடியபடி, "இன்னும் தொடேல்லையே" என்றார்.